வயிற்றுக்குள்ளே ஒரு வாச்சர்

மிட்வைப் வேலையில் பிள்ளை பெற வைப்பதுகூட லேசு. டாக்டர் சொன்னது நமக்கே விளங்காதபோது அடுத்தவருக்கு விளங்க வைப்பதுதான் பெரும்பாடு. இதே பாடு படுகிற புண்ணியவான்களே, உங்களிடம்தான் சொல்லி ஆறவேண்டும்.

தமிழிலிருந்து தமிழுக்கு

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைப் பக்கம் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டக் கிளினிக்குக்கு யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்தார். தங்கமான மனிதர். ஆனால் புதிதாக எதைப் படித்தாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அன்று பிள்ளைத்தாச்சிகளை உட்கார வைத்து, "பிறக்கேக்கையே உடம்பிலை இருக்கிற எதிர்ப்புச் சக்தியின்ரை ஏற்பிகள்" என்று தொடங்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் சொல்லச் சொல்லப் பிடிபட்டதை வைத்து வாயில் வந்ததைச் சொன்னேன்: "தோட்டத்துக்குக் காவலா வாச்சர் இருக்காருல்ல, அதுமாதிரி உடம்புக்குள்ளயும் இருக்காங்க. வெளியாள் வந்தா சத்தம் போடுவாங்க. வயித்துப் புள்ளைய மட்டும் வெரட்ட மாட்டாங்க. அதுக்கு ரத்தம் போற வழியக்கூட சீர் பண்ணிக் குடுப்பாங்க." டாக்டர் தலையாட்டினார். அப்பாடா என்று இருந்தது.

லெட்சுமி எழுந்தாள். முன்பு அவளுக்கு இரண்டு பிள்ளைகள் மாதம் நிறையாமல் பிறந்து தங்காமல் போயின, இது மூன்றாவது. "அப்ப என் ரெண்டு புள்ளையையும் ஏம்மா வெரட்டுனாங்க?"

வெளியாள் யார்?

கிளினிக் முடிந்ததும் அந்தக் கேள்வியோடு டாக்டரிடம் ஓடினேன். பிள்ளையில் பாதி தகப்பனுடையது, தாயின் உடம்புக்கு அது வெளியாள்தான், சில நேரம் காவல் குழம்பிவிடும் என்றார். அதை அப்படியே லெட்சுமியின் லயத்து வரிசை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் புருஷன் முருகேசு தேத்தண்ணிக் கோப்பையை நங்கென்று வைத்தான். "நான் அவளுக்குச் சொந்த மாமன் மகன். ஒரே லயத்துல வளந்தோம். நான் எப்பம்மா வெளியாள் ஆனேன்?"

நியாயம்தானே! அதையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைத்தான், பிள்ளை, படிச்ச ஆக்கள் இன்னும் ஆராய்ஞ்சுகொண்டிருக்கினம்."

புது ஆள்

ஆறாம் மாதம் லெட்சுமி கிளினிக்குக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். காய்ச்சல், சிறுநீர் போனால் எரிச்சல். மருந்தும் வெளியாள்தானே, உள்ளே போனால் வாச்சர் எழும்பிவிடுவார் என்று யாரிடமும் சொல்லாமல் படுத்துவிட்டாளாம். டாக்டரைக் கையோடு கூட்டிவந்தேன். கிருமியைக் கண்டுதான் காவல் சத்தம் போடும், அந்தச் சத்தத்தில் பிள்ளை முந்திக்கொண்டு பிறந்துவிடலாம், கிருமியைப் பிடிக்கத்தான் மருந்து என்று அவர் அவருடைய தமிழில் சொன்னார். நான் எங்கள் தமிழில் சொன்னேன். பதுளை ஆசுபத்திரியில் சேர்த்தோம். முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிற்றில் கை வைத்து லெட்சுமி சொன்னாள்: "இது டாக்டரய்யா அனுப்புன ஆளு. நீங்க சத்தம் போடாதீங்க."

மாதம் நிறைந்தது

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்து, தொண்டை கிழியக் கத்தியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் இரண்டும் போனதற்கும் இப்படி ஒரு கிருமிதானா காரணம் என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், பிள்ளை. சத்தியமா எனக்கும் தெரியேல்லை" என்றார்.

லெட்சுமியிடம் அதை அப்படியே சொன்னேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வாச்சருங்க மேல கோவம் இல்லம்மா. அந்த ரெண்டும் எங்க புள்ளைங்கன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல போல."

அந்தக் காவல்காரர்கள் தாய் பக்கமா பிள்ளை பக்கமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் டாக்டரைக் கைகாட்டுகிறேன், டாக்டர் என்னைக் கைகாட்டுகிறார்.