டேங்க் டாப்பும் என் சட்டையும்

இன்று பாண்டி பஜாரில் பேத்தி கையில்லாத சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"தாத்தா, இதுக்கு டேங்க் டாப்னு பேரு. வெயிலுக்கு நல்லா கீதுல்ல?"

மருமகள் கோமதி அதைப் பிடுங்கினாள். "குடும்பத்துப் பொண்ணு போடுற துணியாடி இது?"

எனக்கு எதுவும் மறப்பதில்லை. கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நீ ஸ்லீவ்லெஸ்னு போட்டுக்கினு வந்தப்ப, கையில்லா ரவிக்கைன்னு திட்டி, என் பழைய சட்டையைக் கிழிச்சு உன்னையே கை தைக்க வச்சா உன் மாமியா. அழுதுகினே தைச்சியே!"

பேத்தி சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார்.

கோமதி சிரிக்காமல் அந்த டாப்பை வாங்கினாள். "இவளுக்கும் தைக்கிறேன் மாமா. சட்டையைக் கழட்டுங்க."

பனியனோடு வீடு வந்தேன். இதற்கும் கையில்லை. என் அப்பா காலத்திலும் இதன் பேர் பனியன்தான். ஆம்பளை துணிக்கு மட்டும் ஏன் பேரே மாறுவதில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.