ஓட்டைக் கூரைக்குப் பலகை விற்ற வருசங்கள்

பலகைக் கடையில் வேலை செய்தால், யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்காமலே தெரிந்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் எல்லாருக்கும் இது விளங்கும். எண்பத்தாறில் லண்டன் வந்த நான், கோல்டர்ஸ் கிரீன் பக்கம் அப்படி ஒரு கடையில் சேர்ந்தேன். பலகை அறுப்பதும் வான் ஓட்டுவதும் டூட்டிங்கில் இருந்து வரும் செல்வம் அண்ணை. கவுண்டர் என்னுடையது.

வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் யூதர்கள். இலையுதிர் காலத்தில் அவர்களுக்குச் சுக்கோத் என்று ஓர் அறுவடைத் திருநாள். ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டுக்கு வெளியே குடில் கட்டி அதற்குள்தான் சாப்பிட வேண்டும். அதற்கு முன்னால் வருகிற பெரிய நோன்பு முடிந்த பிறகு, குடில் கட்ட நாலே நாள்தான் இருக்கும். அந்த நாலு நாளும் எங்களுக்குத் தேத்தண்ணி குடிக்க நேரம் கிடையாது.

கூரை

முதல் வருசம் எனக்கு ஒன்றும் தெரியாது. தாடி வைத்த ஒருவர் வந்து சுவருக்குப் பலகையும் மேலே போட மூங்கிலும் கேட்டார். மூங்கிலை எவ்வளவு நெருக்கமாய் அடுக்குவீர்கள் என்று கேட்டேன். இடைவெளி விட்டுத்தான் அடுக்குவோம், உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றார்.

லண்டனில், ஒக்டோபரில்! எனக்கு மனம் கேட்கவில்லை. உள்ளே போய் நல்ல தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தூக்கி வந்து, இதை மேலே கட்டினால் ஒரு சொட்டும் ஒழுகாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். விரிப்பை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"நனையக்கூடாது என்றால் நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்திருப்போமே, அம்மா."

நுனி

அந்தத் திருநாளுக்குக் குருத்தோலையோடு ஒரு கனியும் வேண்டும். எத்ரோக் என்பார்கள். பார்வைக்கு எங்கள் நாரத்தங்காய் மாதிரி. அதன் நுனியில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும். குமிழ் உடைந்தால் கனி உதவாது. ஒரு புள்ளி இல்லாத கனியைத் தேடி, பூதக்கண்ணாடியோடு கடை கடையாய் ஏறி இறங்குவார்கள்.

மிஸ்டர் ஃபெல்ட்மன் திருநாளுக்கு முதல் நாள் மத்தியானம் வந்தார். எதற்கும் குறை சொல்லுகிற மனிதர். கனி இருந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டுத் திருகாணி தேடிப் பின்பக்கம் போனார். பெட்டிக்குள் இருந்து அப்படி ஒரு வாசம். மூடியைத் திறந்து, சுற்றியிருந்த நாரை விலக்கி மணந்து பார்த்தேன். திரும்ப வைக்கும்போது குமிழ் என் வளையலில் பட்டு உடைந்துவிட்டது.

ஒருவரும் காணவில்லை. மூடி வைத்திருந்தால் அவர் வீட்டுக்குப் போய்த்தான் கண்டிருப்பார். ஆனால் அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒரு கிழமை சரியாய்ச் சாப்பிடவில்லை.

திருநாள் முடிந்து வந்தார். திருநாளின் முதலாம் நாள் பிரார்த்தனைக்குக் கனி சொந்தமாய் இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதை, "இது உனக்குப் பரிசு, முடிந்ததும் திருப்பித் தா" என்று கொடுத்தாராம். வேலித் தகராறில் இருவரும் பதினொரு வருசமாய்ப் பேசாமல் இருந்தவர்கள்.

"அந்த மனிதனுக்கு என்னை நன்றி சொல்ல வைத்துவிட்டாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை."

எழுத்துப் போட்ட பலகைகள்

மிஸிஸ் கிளைன் ஒரேயொரு பலகை வாங்க வந்தார். பழைய குடிலில் ஒன்று உக்கிப்போய்விட்டதாம். யார் கட்டுவது என்று கேட்டேன். கணவர் மாசியில் காலமாகிவிட்டார், மகன்மார் அமெரிக்காவில் என்றார். ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வம் அண்ணையும் போனோம்.

ஒவ்வொரு பலகையிலும் கணவர் பென்சிலால் ஓர் எபிரேய எழுத்து எழுதியிருந்தார். மிஸிஸ் கிளைன் வாசித்து வாசித்துத் தர, நாங்கள் வரிசையாய்ப் பூட்டினோம். ஒன்றரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் கதவு மதில் பக்கம் திறக்கிறது. அந்த எழுத்து வலமிருந்து இடம் போவது. நாங்கள் இடமிருந்து வலம் பூட்டியிருக்கிறோம். செல்வம் அண்ணை தலையில் கை வைத்துவிட்டார். "தங்கச்சி, திரும்பக் கழட்டவேணும். மனுசி இண்டைக்கு அழப்போகுது," என்றார்.

மிஸிஸ் கிளைன் அழத்தான் செய்தார், ஆனால் சிரித்துக்கொண்டு.

"நாற்பது வருசமும் அவர் முதலில் இப்படித்தான் பிழையாய்க் கட்டுவார்."

சூப்

தொண்ணூறின் இறுதியில் ஊரில் நடந்த சண்டையில் செல்வம் அண்ணையின் வீட்டில் ஷெல் குண்டு விழுந்து, தாயும் தங்கையும் ஒரு பள்ளிக்கூட வளவில் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். அடுத்த வருசத் திருநாளுக்கும் அங்கேதான். அந்தக் கிழமை நடுவில், காற்றுக்கு ஆடிய குடில் ஒன்றைச் சரிசெய்ய ஹென்டனுக்குப் போனோம். வேலை முடிந்ததும் வீட்டுக்கார முதியவர் எங்களைக் குடிலுக்குள் இருத்திச் சூப் வைத்தார். இந்த நாட்களில் குடிலுக்கு விருந்தாளி வருவது நல்லதாம். வீடு வாசல் இல்லாமல் பாலைவனத்தில் அலைந்த தங்கள் முன்னோரின் நினைவாகத்தான் குடில் என்று சொன்னார்.

செல்வம் அண்ணை அதுவரை கரண்டியைத் தொடவில்லை. தெரிந்த இங்கிலிஷில் தாயின் கதையைச் சொன்னார். பிறகு, "உங்களுக்குத் திருநாள் முடிய வீடு இருக்கு ஐயா. எங்கட ஆக்களுக்கு எப்ப முடியும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

முதியவர் கோபிக்கவில்லை. சூப் கோப்பையை அண்ணையின் பக்கம் நகர்த்தினார்.

"பாலைவனத்தில் அலைந்தவர்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை, மகனே. ஆறிப்போகும் முன் சாப்பிடு."

பன்னிரண்டு வருசம் பலகை விற்றவள் சொல்கிறேன்: வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், பாதி நேரம் அது எங்கள் கடையில் விற்கிற சாமானாய் இருப்பதில்லை, அவ்வளவுதான்.