எஸ்தர் மிஸ்ஸின் முன்பாக்கெட்

பைத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம் என்று சொல்லித்தான் பிரேசர் டவுன் ரஃபீக் பாய் கடையில் வேலை கேட்டேன். அது பொய்யில்லை. சந்தாபுரா பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் பேட்ச் ஆப்பரேட்டர். ஸ்போர்ட்ஸ் பைகளில் துணி பேட்ச் வைத்துத் தைப்பது மட்டும்தான் என் வேலை. கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர் பின்னாலேயே நின்று ரசம் வைப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும், இனி எங்கேயாவது வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர்தான் மிஞ்சுவோம் என்று தெரிந்துவிட்டது.

"கம்பெனி ஆளுங்கல்லாம் ஒரே வேலை தான் செய்வாங்க மா. ரிப்பேர் கடைல தினம் ஒரு வேலை," என்றார் பாய். "இன்னிக்கு ஒரு நாள் பாக்கறேன். சரி வந்தா நாளைக்கு வா."

"ஒரே நாள் போதும் பாய்," என்றேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். டிராக் பேன்ட், வெள்ளை ஷூ, வாயில் கைக்குட்டை. சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாய்க்கு அவரைத் தெரியும். காக்ஸ் டவுனில் ஒரு ஸ்கூலில் பி.டி. மிஸ்ஸாக இருந்தவர், பெயர் எஸ்தர், ரிட்டயரான பிறகும் த்ரோபால் மேட்சுக்கெல்லாம் அம்பயராகப் போகிறவர் என்று சொன்னார். மிஸ் ஒரு நீலப் பையையும் ஆறு பேட்ச்களையும் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றும் அவர் டீம் ஆடிய ஒரு டோர்னமென்ட். முன்பக்கத்தை விரலால் காட்டினார். மூன்று மேலே, மூன்று கீழே. மணிக்கட்டைத் தட்டி இரண்டு விரல் காட்டினார். இரண்டு மணிக்கு ஃபைனல், அவர்தான் அம்பயர் என்று பாய் விளக்கினார். மிஸ் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இவ்வளவு சாதுவான பி.டி. மிஸ்ஸை நான் பார்த்ததே இல்லை.

பையை மெஷினின் நீளக் கையில் மாட்டினேன். சாக்பீஸால் கோடு போட்டேன், பேட்சை வைத்தேன், நான்கு ஓரமும் ஓட்டினேன், மூலைக்கு மூலை மூன்று தடவை ரிவர்ஸ் அடித்து லாக் பண்ணினேன். கீழ் வரிசைக்கு வரும்போது மூலையில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. உள்ளே அட்டை வைத்திருக்கிறார்கள், நல்ல கம்பெனிப் பை என்று மனசுக்குள் பாராட்டிவிட்டு, அதைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தைத்தேன். வைத்துத் தைத்த அட்டை எப்படி நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாற்பது நிமிஷத்தில் ஆறும் முடிந்தது. பாய் ஒரு பேட்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "மாஷா அல்லா!" என்றார். மிஸ் கண்ணாலேயே சிரித்தார். பிறகு முன்பாக்கெட் ஜிப்பைத் திறந்து கையை விட்டார். விரல் இரண்டு அங்குலம் போனது, அதற்கு மேல் போகவில்லை.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. பாயின் பில் புக்கை இழுத்துப் பின்பக்கத்தில் என்னவோ எழுதினார்.

பாய்க்குத் தமிழ் பேசத்தான் தெரியும். "க்யா லிகா? இன்னா எழுதிருக்காங்க, சாந்திமா?"

நான் படித்தேன். "உள்ளே என் பல் இருக்கு."

புது பல் செட் ஈறைக் கடித்ததாம். ஆட்டோவிலேயே கழற்றி, சோப்பு டப்பாவில் போட்டு, முன்பாக்கெட்டில் வைத்திருக்கிறார். பல் இல்லாமல் விசில் ஊத முடியாது என்றும் அடுத்த வரியில் எழுதினார். கடைசி வார்த்தையின் கீழே இரண்டு கோடு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் என்னிடம் வந்ததெல்லாம் தட்டையான பேனல். பாக்கெட், லைனிங், ஜிப் எல்லாம் எனக்குப் பிறகுதான் சேரும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முழுப் பையின் மேல் ஒரு பேட்சைக்கூட நான் தைத்ததில்லை. பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஆறு இடத்தில் தைத்து மூடியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

பாய் பிளேடை எடுத்தார். பத்து நிமிஷம் நோண்டியும் ஒரு மூலைகூட முழுசாகப் பிரியவில்லை. "இன்னா மா இது, பேங்க் லாக்கரா?" என்றார். அதுவும் அவர் கை வைத்தது ஜெயித்த வருடத்து பேட்ச். மிஸ் அவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மணி ஒன்று.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லைனிங் ஆப்பரேட்டர் கடைசியாக எங்கே மூடுவாள் என்பது நினைவுக்கு வந்தது. தினமும் டீ டைமில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். பையை உள்வெளியாகத் திருப்பி, அடிப்பக்க லைனிங்கில் ஒரு சாண் பிரித்தேன். உள்ளே கையை விட்டுப் பாக்கெட் துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, அதில் அரைச் சாண் பிரித்தேன். பச்சை சோப்பு டப்பா என் கையில் வந்து விழுந்தது. பேட்ச் ஒன்றுக்கும் சேதமில்லை. பிரித்த லைனிங்கை மறுபடி ஓட்டி மூடினேன்.

மிஸ் திரும்பி நின்று பல்லை மாட்டினார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். ரோட்டில் போன ஆட்டோ நின்றுவிட்டது.

பிறகு வாயைத் திறந்தார். "ஏம்மா, பாக்கெட்ல கைய விட்டுப் பாக்கணும்ங்கற அறிவு வேணாமா? கண்ணு எங்க வெச்சிருந்த? மிஷினத்தான பாத்த, பையப் பாத்தியா?" மூச்சு விடவில்லை. பாயையும் விடவில்லை. "நீங்க நின்னு வேடிக்கை பாத்தீங்களா? நேரா நில்லுங்க!" பாய் உண்மையாகவே நேராக நின்றார். சாதுவான மிஸ் என்று நான் நினைத்ததெல்லாம் பல் இல்லாத குறைதான்.

மிஸ் மூச்சு வாங்கிய இடைவெளியில் பாய் மெதுவாக, "நாளைலேர்ந்து இந்தம்மா வேணாம், மிஸ். வேற ஆள் பாக்கறேன்," என்றார். நான் என் டிபன் பாக்ஸை எடுத்துவிட்டேன். வீட்டில் ரசம் காத்திருந்தது.

"வேணாமா?" என்றார் மிஸ். "அவ போட்ட தையல உங்களால பிரிக்க முடிஞ்சுதா? அதப் பிரிக்காமயே எடுத்துக் குடுத்தவ அவ. இருக்கட்டும் பாய்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஃபைனலுக்கு ஓடினார்.

மூன்று வருடமாக அதே கடையில் இருக்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எத்தனை வருட அனுபவம் என்று பெருமையடிப்பதற்கு முன்னால், எதில் அனுபவம் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பாக்கெட்டில் கையை விடுங்கள்.

போன மாதம் எஸ்தர் மிஸ் ஏழாவது பேட்சோடு வந்தார். பையை உடனே என்னிடம் கொடுக்கவில்லை. முதலில் என் முன்னால் குனிந்து, வாயை அகலமாகத் திறந்து காட்டினார்.

"நல்லா பாத்துக்கோ. எல்லாம் இங்கதான் இருக்கு," என்றார். "இப்பத் தை."