வெள்ளைக்காரிகளின் பொட்டு

என் தங்கைக்கு வெள்ளைக்காரிகளின் வெறும் நெற்றி பிடிக்காது. வீட்டிலிருந்த ஒரே கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில், துப்பாக்கியோடு குதிரையில் வருகிறவள் முதல் சாராயக்கடைக்காரி வரை அத்தனை பேருக்கும் சிவப்புப் பென்சிலால் பொட்டு வைத்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோனது. போட்டோ எடுத்ததில்லை. அம்மாவுக்கு மிஞ்சியது அந்தப் பொட்டுகள்தான்.

போன வருஷம் புத்தகத்தைக் கரையான் அரிக்கத் தொடங்கியது. அம்மாவுக்குக் கண்ணும் மங்கல். டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டலாம் என்று நினைத்தேன். வல்லத்திராக்கோட்டையில் பழைய காமிக்ஸை ஸ்கேன் செய்து ரசிகர்களின் குரூப்பில் போடும் ஒருவன் இருந்தான். கரையான் தின்ற ஓரத்தை மட்டும் சரிசெய், மற்றதில் கைவைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். தலையை ஆட்டினான். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வேதவாக்கு உண்டு: அச்சில் இல்லாதது அழுக்கு. பிரஸ்காரன் மை சிந்தியிருந்தால் கும்பிட்டு விட்டுவைப்பார்கள். பிள்ளை கை பட்டிருந்தால் சுரண்டி எடுப்பார்கள்.

பென் டிரைவை நீட்டும்போது அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

“எந்தக் கழுதையோ பொம்பளைங்க நெத்தியிலெல்லாம் செவப்புப் பென்சிலால குத்தி வச்சிருந்துச்சுண்ணே. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்.”

புத்தகம் எங்கே என்றேன். தட்டையாக வைத்து ஸ்கேன் செய்ய அதன் முதுகை வெட்டினானாம். கரையான் மற்ற புத்தகங்களுக்கு ஏறிவிடும் என்று தாள்களைக் கொளுத்திவிட்டானாம். முதலில் எடுத்த ஸ்கேனையும் இடத்தை அடைக்கிறதென்று அழித்தாயிற்று. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்கு பிய்த்துத்தான் போடும். இவன் பாலிஷ் போட்டுக் கொடுத்தான். உன் கை விளங்காமல் போகட்டும் என்று முகத்துக்கு நேராகச் சபித்தேன். அந்தச் சாபத்தை இன்றுவரை நான் திரும்ப வாங்கவில்லை.

அம்மா டேப்லெட்டைக் கண்ணருகே வைத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினாள்.

“எங்கடா, ஒரு பொட்டுகூடக் காணோம்?”

சொன்னேன். அவள் அழவில்லை. குங்குமச் சிமிழை எடுத்துவரச் சொன்னாள். முதல் பக்கத்துக்குப் போய், குதிரைக்காரியின் நெற்றியில், டேப்லெட் கண்ணாடிமேல், விரலால் பொட்டு வைத்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்து நானும் ஏமாந்தேன்.

பிறகு அடுத்த பக்கத்தைத் தள்ளினாள். குதிரைக்காரி போய்விட்டாள். பொட்டு மட்டும் நகராமல், புதுப் பக்கத்தில் தூக்கில் தொங்குகிறவனின் காலடியில் நின்றது. அம்மாவே முந்தானையால் அதைத் துடைக்க வேண்டியிருந்தது.