நாலாவது ரோல்ஸ் இல்லை

இன்று சுவிஸ் சோலோதுர்னில் மகனுடைய அமெரிக்கன் ஃபுட்பால் மட்ச். பெற்றோர் முறை வைத்து நடத்தும் சாப்பாட்டுக் கடையில் இன்று என் முறை.

ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். முன்னால் இரண்டு தமிழர்கள் நின்று சண்டை பிடித்தார்கள்.

"உந்தக் குவாட்டர்பேக் எறியிற பந்தெல்லாம் எதிராளின்ர கையிலதான் விழுது. அதுதான் கோச் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லுறார்," என்றார் யாழ்ப்பாணத்து அண்ணை.

"ஓடிக்கிட்டே இருந்தா பையன் எப்போ எறியக் கத்துப்பான்? கோச்சுக்குத்தான் மூளையில்லை," என்றார் சென்னைக்காரர்.

"கோச்சை விடுங்கோ. உவன் ஒரு பயந்தாங்கொள்ளி. பெஞ்சில இருத்தவேணும்!"

மூன்றாவது ரோல்ஸை மென்றபடி அண்ணை சொன்னார்.

"அண்ணை, அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறது என்ர மகன்."

"ஐயோ தங்கச்சி, முதலே சொல்லியிருக்கலாமே!"

கொஞ்ச நேரத்தில் நாலாவது ரோல்ஸ் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். தட்டில் பத்துக் கிடந்தது. அவரும் பார்த்தார்.

கோபம் இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நானும் மகனைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் திட்டினேன். பெற்றவள் திட்டுவது வேறுதானே?

வேறென்றால் யாராவது உடனே கீழே எழுதுங்கள். அவன் உடுப்பு மாற்றிக்கொண்டு வருகிறான்.