செவலைச் சேவலும் இடது கைச் சுற்றும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இதை வாசித்துக் காட்டும்போது என் வீட்டுக்காரி, "அதை ஏன் போடல?" என்று கேட்பாள்.

கொடைக்கானல் பஜாரில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் யூனிஃபார்ம், துரைமார்களின் கோட்டு, கம்பளிச் சட்டைக்கு முழங்கை ஒட்டு, இதுதான் பிழைப்பு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வாத்தியார் துரை ஒருவர் கிழிந்த கோட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் காலரில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. தட்டினேன், போகவில்லை. வந்ததே கோபம், விரலால் ஓங்கிச் சுண்டினேன். சுருக்கென்று விரலுக்குள் இறங்கிவிட்டது. ஈயின் வயிற்றுக்குள் தூண்டில் முள்!

அந்தக் காலத்தில் மலை ஓடைகளில் டிரவுட் என்று ஒரு சீமை மீனை விட்டிருந்தார்கள். தண்ணீர்மேல் மிதக்கிற ஈயை எகிறிப் பிடிக்கிற மீன் அது. அதை ஏமாற்ற, சின்ன முள்ளின்மேல் சேவல் இறகைப் பட்டு நூலால் சுற்றிப் பொய் ஈ கட்டுவார்கள். எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. தையற்காரன் புத்தி, எப்படித் தைத்திருக்கிறான் என்று பார்க்க நூலைப் பிரித்துவிட்டேன். பிரித்ததைத் திரும்பக் கட்ட வேண்டுமே! இரண்டு நாள் போராடி ஒப்பேற்றினேன். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். கோபித்துக்கொள்ளாமல், ஒரு டப்பி நிறைய முள்ளைக் கொடுத்து, "இன்னும் செய்" என்றார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அது. மீன் பிடிப்பதில் எனக்கு ஆசையே இல்லை. ஈ கட்டுவதில்தான் ஆசை.

அட்டுவம்பட்டி ஓரத்தில் எங்கள் வீடு. கண்ணாடி போட்ட ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். காலையில் இரண்டு மணி நேரம் அதில் வெயில் விழும், பிறகு மஞ்சு ஏறிவிடும். அரிசியில் கல் பொறுக்க அவளுக்கு இருந்த இடமே அதுதான். நான் ஈ கட்ட ஆரம்பித்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், சுளகைத் தூக்கிக்கொண்டு வாசலில் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உள்ள வா. என்ன வீம்பு?" என்றேன்.

"வீம்பெல்லாம் இல்லீங்க. அந்த வெளிச்சம் உங்களுக்கு ஆகும். எனக்குக் கல்லு கையிலயே தட்டுப்படும்."

அத்தோடு ஜன்னல் எனக்கு என்று ஆகிப்போனது. பத்து வருஷம் அவள் வாசலில்தான் கல் பொறுக்கினாள். அது எனக்குப் பெரிதாகவே படவில்லை, பாருங்கள்.

கோழி வளர்த்தது முட்டைக்காக. பெட்டைக் கோழி இறகு மெத்தென்று இருக்கும், தண்ணீரில் அமுங்கிவிடும். மிதக்கிற ஈக்குச் சேவலின் பின்கழுத்து இறகுதான் வேண்டும், அதிலும் வயசான சேவல். இதைச் சொன்னதும் சேவல்களைக் குழம்புக்கு அடிப்பதை நிறுத்திவிட்டாள். உதிர்கிற இறகையெல்லாம் பொறுக்கி, நீளம் பார்த்துத் தீப்பெட்டிகளில் அடுக்கிவைப்பாள். கட்டி முடித்த ஈயைப் பித்தளைக் குண்டான் தண்ணீரில் போட்டு, குனிந்து ஊதிப் பார்ப்பது அவள் வேலை. மிதந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அமுங்கினால், "இது ஈ இல்ல, நனஞ்ச கோழி" என்பாள். எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆனால் அடுத்ததை ஒழுங்காகக் கட்டுவேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை, "கடையில ஈ ஓட்டுறது பத்தாதுன்னு வீட்டுலயுமா?" என்று கேலி செய்தாள். இவள், "அவரு ஓட்டலக்கா, கட்டுறாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். கல்யாணமான புதிதில் என் அம்மா, "பீச்சாங்கையால சோறு போடுறாளே!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். பயந்து பரிமாறுவதை மட்டும் வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஊசி மட்டும் இடது கையிலேயே நின்றுவிட்டது. அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. ஒரு கோட்டை இரண்டு மடியிலும் விரித்து, அவள் இடப்பக்கமும் நான் வலப்பக்கமுமாக ஒட்டி உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்போம். முழங்கை இடிக்காது.

அறுபது பிறந்து ஓரிரு வருஷம் போயிருக்கும், எனக்கு நாற்பது தாண்டியது. ஊசிக் காது மங்க ஆரம்பித்தது. எட்ட இருக்கிற மலைமேல் மாடு மேய்வது பளிச்சென்று தெரியும், கைக்குள் இருக்கிற நூல் தெரியாது. என் அப்பாவும் தையற்காரர். வத்தலக்குண்டில் கடை. அவருக்கும் கண் போனது இப்படித்தான் ஆரம்பித்தது என்று அம்மா சொல்வாள். கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு எங்கள் வீட்டு மூலையில் வந்து உட்கார்ந்தவர், சாகிறவரை சோற்றில் உப்பு இல்லை, தண்ணீர் சுடவில்லை என்று எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். அது எனக்கும் வந்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவும் பயம். போனால் சொல்லிவிடுவாரே!

"எனக்கு வேற சோலி கெடக்கு" என்று காஜாவை அவள் பக்கம் தள்ளினேன். லாந்தர் சிம்னியில் கரி என்று கத்தினேன். ஈ கட்டுவதை மட்டும் விடவில்லை. கைப்பழக்கத்தில் சுற்றித் தீப்பெட்டியில் போடுவேன், துரை கடைக்கு வந்து வாங்கிக்கொண்டு போவார். வேடிக்கை என்னவென்றால், கண் மங்கிய அந்த ஒன்றரை வருஷத்தில்தான் அவர் என்னை ரொம்பப் புகழ்ந்தார். "உன் கை இப்போது மிகவும் சுத்தம்" என்பார். கண் போனால் என்ன, கை இருக்கிறது என்று நானும் மார்தட்டிக்கொண்டேன்.

அப்போது எங்களிடம் ஒரு செவலைச் சேவல் இருந்தது. கழுத்தில் இறகு சரம் சரமாகத் தொங்கும், வெயிலில் நின்றால் செம்புக் கம்பி. அதன் காலில் ஒரு நாள் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"இத நேந்து விட்டிருக்கேன்" என்றாள். அவள் பிறந்தது பெரும்பாறைப் பக்கம். அங்கே அவர்கள் கும்பிடுகிற கருப்பசாமிக்கு. "கை வச்சிராதீங்க. நேந்ததுல ஒரு குறை வரப்படாது."

"எதுக்கு நேந்த?"

"சொன்னா பலிக்காதுங்க."

கீழே ஊரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகளுக்கு அப்போது மாசம் நிறைந்திருந்தது; மலைக் குளிர் ஆகாதென்று பிரசவம் அங்கேயே. அதற்குத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மகளுக்குக் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று கடிதம் வந்த தை மாதத்தில் துரை கடைக்கு வந்தார். வைகாசியில் ஒரேயடியாகத் தன் ஊருக்குப் போகிறாராம். அங்கே அவருடைய அண்ணன் பெரிய தூண்டில்காரராம். அவரிடம் காட்டச் செம்பு நிறத்தில் ஒரு டஜன் ஈ வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் கடைசி, அப்புறம் கண் என்ன ஆனாலும் ஆகட்டும், சீமையில் என் கை இருக்கும்.

மறுநாள் காலை அவள் விறகுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது, வேண்டுதல் பலித்துவிட்டது, சாமி கழுத்து இறகையா எண்ணப்போகிறது? சேவலைப் பிடித்துத் தொடையிடுக்கில் வைத்து, பின்கழுத்தில் ஒரு கொத்து பிடுங்கினேன். அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

ஜன்னலில் உட்கார்ந்து முதல் இறகைச் சுற்றினேன், நழுவியது. இரண்டாவதன் தண்டு முறிந்தது. மூன்றாவதில் நூல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை இறகும் பாழ். ஒரு ஈ கூட நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

விறகுக் கட்டைப் போட்டுவிட்டு அவள் உள்ளே வந்தாள். வாசலில் மூளிக் கழுத்தோடு சேவல் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நான் முந்திக்கொண்டு, "என்ன இப்ப? புள்ளதான் பொறந்துருச்சே!" என்று சத்தம் போட்டேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். என் மகள் கல்யாணத்தில்கூட அவள் அப்படி அழவில்லை.

"புள்ளைக்குன்னு யாரு சொன்னா? உங்க கண்ணுக்குங்க. உங்க கண்ணுக்குத்தான் நேந்தேன்."

கையிலிருந்த முள்ளை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். "எனக்குக் கண்ணு தெரியல புள்ள" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "ஒன்றரை வருசமாத் தெரியும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எறகு மொளைக்கும். அது வரைக்கும் சாமி பொறுத்துக்கும். நாளைக்கு வெள்ளனே மொத பஸ்ஸு. மதுரைக்குப் போறோம். எனக்கு பஸ்ஸுல தலை சுத்தும்னு அதச் சாக்குச் சொல்லாதீங்க, நான் எலுமிச்சம்பழம் எடுத்து வச்சுக்கிறேன்."

மதுரையில் கண் டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க அப்பாவுக்கு வந்தது புரையா இருக்கும். அது வேற. உங்களுக்கு வெறும் வெள்ளெழுத்துய்யா. நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வரும்."

வெள்ளெழுத்து என்பது வாத்தியாருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வருகிற வியாதி என்று நினைத்திருந்தேன். புத்தகம் புரட்டாத எனக்கு ஏன் வரப்போகிறது! கண்ணாடியை மூக்கில் வைத்ததும் என் உள்ளங்கை ரேகை கோடு கோடாகத் தெரிந்தது. பக்கத்தில் அவள் கை இருந்தது. அதையும் பார்த்தேன். இடது கை விரல் நுனி எல்லாம் ஊசிக் குத்து.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாகத் தீப்பெட்டியைத் திறந்தேன். துரைக்காக முன்பு கட்டிவைத்ததில் ஐந்தாறு ஈ மீதி இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுற்று ஒவ்வொன்றும் அளவெடுத்தது போல வரிசையாக இருந்தது. ஆனால் நூல் எதிர்ப்பக்கம் போயிருந்தது. நான் வலது கைக்காரன், என் நூல் அப்படிப் போகாது. ஐந்தாறையும் பார்த்துவிட்டேன். அத்தனையும் இடது கைச் சுற்று.

துரை புகழ்ந்த கை எது என்று அப்போது புரிந்தது. நான் கடைக்குப் போனதும் தொளதொளவென்று கிடந்த என் ஈக்களை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டி, அதே தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். கற்றுக்கொடுத்தது யார்? பத்து வருஷம் குண்டானுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாளே, அதுதான்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தீப்பெட்டியை விட்டெறிந்தேன். "என்னை முட்டாளாக்கிட்டியே! அவருகிட்ட மாரத் தட்டிக்கிட்டு நின்னேனே! ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா?"

அவள் சிதறிய ஈக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஊசிய கீழ வச்சிருப்பீங்க. ஊசிய வச்ச பொறகு உங்க அப்பாரு மனுசரா இருந்தாருங்களா? நான்தான அவருக்குச் சோறு போட்டேன். எனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்து நானும் பொறுக்கினேன்.

சித்திரையில் சேவலின் கழுத்து பழையபடி மூடிவிட்டது, முன்பைவிடப் பளபளப்பு. பெரும்பாறையில் நேர்த்திக்கடன் முடிந்தது. கறி கொதித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு வாழை இலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பிரித்தால், கழுத்து இறகு பூராவும். ஒன்று முறியவில்லை.

"சாமிக்கு உசுருதானங்க. எறகு நமக்கு" என்றாள். "மொத்தமாக் கெடைக்கும்னுதான் இந்தச் சேவலையே நேந்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுப் பிச்சுட்டீங்க!"

அந்த ஒரு டஜனை நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் எதிரெதிரே உட்கார்ந்து கட்டினோம். அவளை உள்ளே கூப்பிட்டுச் சுளகுக்கும் இடம் ஒதுக்கினேன். குறட்டின் வாயில் முள்ளைக் கவ்வக் கொடுத்து, ஆறு நான், ஆறு அவள். குண்டானில் பன்னிரண்டும் மிதந்தன. "வெரசா எடுங்க, ஊறிரும்" என்று அவள்தான் அவசரப்பட்டாள்.

துரை விடைபெற வீட்டுக்கே வந்தார். ஈக்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "தொரை, நூல் இடது பக்கம் போறதெல்லாம் இவ கட்டுனது. ஒன்றரை வருசமா நீங்க என்னை மெச்சுனது பூராவும் இவளைத்தான்."

அவர் ஒரு ஈயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளிடம் போய் வலது கையை நீட்டினார். அவள் விழித்தாள், என்னைப் பார்த்தாள். "குடு புள்ள" என்றேன். பதற்றத்தில் இடது கை முன்னால் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுக்கப் போனாள்.

"மாத்தாத" என்றேன். "அந்தக் கையையே குடு."

துரை தன் கையை மாற்றிக்கொண்டார்.