நடுக்கடலிலிருந்து ஒரு நிமிடம்

திருத்தங்கல் தாண்டி, ஒரு பட்டாசு ஆலை வாசலில் பேருந்துக்கு நிற்கிறேன். வேலைக்குப் போகும் ஒரு பெண் தன் கைபேசியை என்னிடம் நீட்டுகிறார்.

“உள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டுல குடுத்தா ஆஃப் பண்ணிருவாகண்ணே. வீட்டுக்காரரு கப்பல்ல இருக்காக. சாட்டிலைட் போன்ல வாரத்துக்கு ஒரு நிமிசந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சுன்னு மட்டும் சொல்லிட்டு, கேட்டுல குடுத்துருங்க.”

அவர் உள்ளே போன சிறிது நேரத்தில் கணவரின் அழைப்பு வருகிறது. என் குரலைக் கேட்டதும், “ஏலே, யாருலே நீ?” என்று கத்துகிறார். என் பதில் அங்கே போய்ச் சேருமுன் அடுத்த வசவு வந்துவிடுகிறது.

“உம் பொண்டாட்டி வேலைக்குப் போயிருக்காய்யா” என்று நானும் கத்துகிறேன். ஒரு நிமிடம் முடிந்து தொடர்பு அறுந்துவிடுகிறது.

காய்ச்சலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. இனி ஒரு வாரம் அந்த மனிதருக்குத் தூக்கம் இருக்காது. பேருந்து வந்து போகிறது. அந்தப் பெண் வெளியே வரும்வரை இங்கேயே நிற்கிறேன்.